பர்லியார் துரியனும் காணாமல் போன ரீச்சும்

பர்லியாரில் துரியன் சீசன் ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை ஓடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில், கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியபின் வரும் சிற்றூர் அது. 1871 முதல் அரசின் கையில் இருக்கும் பழப்பண்ணையில் மங்குஸ்தான், ரம்புட்டான், ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் விளைகின்றன. ஆனாலும் துரியனுக்குத்தான் தனி மவுசு. அதைச் சாப்பிட்டால் குழந்தைப்பேறு கிடைக்கும் என்று நம்பி வெளியூர்களிலிருந்தெல்லாம் தம்பதிகள் தேடி வருவார்கள். அந்த நம்பிக்கைக்கு மருத்துவச் சான்று கிடையாது. அதனால் வியாபாரம் குறைந்ததும் கிடையாது.

அந்தச் சாலையோரத்தில் பழக்கடை வைத்திருக்கும் ஒருவர் இன்ஸ்டாகிராமில் கணக்கு நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூலையில் அவர் போட்ட ஒரு ரீல், முள்ளுத் தோலைப் பிளந்து மஞ்சள் சுளையை எடுக்கும் சில விநாடிக் காட்சி, நாற்பதாயிரம் பேரைப் போய்ச் சேர்ந்தது. செப்டம்பரில் கடையும் அதேதான், போனும் அதேதான், ஆனால் நானூறைத் தாண்டவில்லை. ‘ஐடியை ஷேடோபேன் பண்ணிட்டாங்க’ என்று முடிவு கட்டிவிடுகிறார். கணக்கு திறந்துதான் இருக்கிறது, பதிவும் அவர் கண்ணுக்குத் தெரிகிறது, மற்றவர் கண்ணுக்குப் போகாமல் யாரோ மறைத்துவிட்டார்கள் என்று பொருள். மறுநாளே மருந்து தேடத் தொடங்குகிறார்.

மருந்துக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு நாள் செயலியைத் தொடாதே. பிசினஸ் கணக்கைத் தனிநபர் கணக்காக மாற்று. ஹேஷ்டேக்கை மாற்று. இரவு ஒன்பது மணிக்குத்தான் பதிவிடு. ஓடாத ரீலை அழித்துவிட்டு மறுபடி ஏற்று. ஒருவருக்கொருவர் லைக் போட்டுக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுவில் சேர். இவை எதுவும் பலிக்கவில்லை என்றால், ‘ரீச் ரெகவரி’ செய்து தருவதாகக் காசு கேட்பவர் இருக்கிறார். இவற்றில் பெரும்பாலானவை எந்த நோய்க்கும் மருந்தல்ல என்பது என் கருத்து. ஆனால் சாப்பிட்டவர்களில் பலர் குணமானதாகச் சொல்கிறார்கள், அதுவும் பொய்யில்லை. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்கின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் ரீச், அதாவது ஒரு பதிவு எத்தனை பேரைப் போய்ச் சேர்கிறது என்பது, எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை தங்கள் தரவரிசைக் கணக்கை முழுதாக வெளியில் காட்டியதில்லை. ட்விட்டர் மட்டும் 2023 மார்ச் 31 அன்று தன் பரிந்துரை முறையின் பெரும்பகுதியைப் பொதுவில் வைத்தது. அதன்படி, ஒருவர் செயலியைத் திறக்கும்போது, ஒரு நாளில் எழுதப்படும் சுமார் 50 கோடி ட்வீட்டுகளிலிருந்து ஏறத்தாழ 1,500 பொறுக்கப்படுகின்றன. சராசரியாக அதில் பாதி, அவர் பின்தொடர்பவர்களுடையது. மீதிப் பாதி, அவர் கேள்விப்பட்டே இராதவர்களுடையது. இந்த 1,500-க்கும் ஒரு நரம்பணு வலைப்பின்னல் மதிப்பெண் போடுகிறது. அது ‘இது நல்ல பதிவா’ என்று பார்ப்பதில்லை. இந்த மனிதர் இதற்கு லைக் போட எவ்வளவு வாய்ப்பு, பதில் எழுத எவ்வளவு, புகார் கொடுக்க எவ்வளவு என்று தனித்தனியாக ஊகிக்கிறது. ஒவ்வொரு ஊகத்தையும் ஓர் எடையால் பெருக்கிக் கூட்டுகிறது.

அந்த எடைகளும் வெளிவந்தன. லைக்குக்கு 0.5, மறுபதிவுக்கு 1, பதிலுக்கு 13.5. வந்த பதிலுக்கு எழுதியவரே திரும்பப் பேசினால் 75. புகாருக்கு 369, கழித்தல் குறியோடு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு பதிவைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் லைக் போடுவார்கள் என்று எந்திரம் ஊகிக்கிறது. அதற்குக் கிடைப்பது 0.25. ஆயிரத்தில் ஒருவர் புகார் கொடுக்கக்கூடும் என்றும் ஊகிக்கிறது. அதற்குக் கழிவது 0.369. மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. பாதி ஊர் விரும்பும் ஒரு பதிவை, ஆயிரத்தில் ஒரு முகச்சுளிப்பு கீழே தள்ளிவிடுகிறது. இதில் யாரும் யாரையும் தடைசெய்யவில்லை, உத்தரவு போட்ட அதிகாரி என்று எவரும் இல்லை. வெறும் கூட்டல் கழித்தல். பதிவு எழுதியவருக்கோ கதவைச் சாத்தியதுபோல்தான் இருக்கும். இந்த எடைகள் 2023-இல் இருந்தவை, அவ்வப்போது மாற்றக்கூடியவை என்று அந்த நிறுவனமே சொல்லியிருந்தது. எடை மாறும் ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கான கணக்குகளின் ரீச் ஏறும், இறங்கும். அதற்கு முன்னறிவிப்பு கிடையாது.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் பரவும் விதம் கொஞ்சம் வேறு. 2024 ஏப்ரலில் அந்நிறுவனம் விளக்கியபடி, ஒரு ரீல் முதலில் அதை விரும்பக்கூடும் என்று கருதப்படும் சிறு கூட்டத்துக்குக் காட்டப்படுகிறது. அவர்கள் உங்களைப் பின்தொடர வேண்டும் என்றுகூட இல்லை. அங்கே தேறியவை இன்னும் கொஞ்சம் பெரிய கூட்டத்துக்குப் போகின்றன. அதிலும் தேறியவை அடுத்ததற்கு. தேறுவது என்றால் என்ன? இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் மூன்றைச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்த்தார்கள், லைக் போட்டார்களா, வேறொருவருக்கு அனுப்பினார்களா. பின்தொடர்வோரிடத்தில் லைக்குக்கு மதிப்பு சற்று அதிகம். அறிமுகமில்லாதவர்களை எட்ட, அனுப்புவதற்கு மதிப்பு அதிகம்.

படிப்படியாகப் பரவும் எதற்கும் ஒரு குணம் உண்டு, தொற்றுநோய்க் கணக்கில் நாம் எல்லோரும் 2020-இல் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் பார்வையாளர் பத்து விழுக்காடு கூடுகிறார்கள் என்று வையுங்கள். இருபது சுற்றில் முதல் கூட்டத்தைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு ஆகிவிடும். பத்து விழுக்காடு குறைந்தால், இருபதாவது சுற்றில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஐம்பது மடங்குக்கு மேல். இரண்டு ரீல்களின் தரத்தில் உள்ள வேறுபாடோ கண்ணுக்குத் தெரியாத அளவு. முதல் விநாடியில் வெளிச்சம் சற்று மங்கல், முதல் கூட்டத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் சலிப்பானவர்கள், அன்று கிரிக்கெட் இறுதிப்போட்டி. அவ்வளவே போதும்.

இந்தத் தற்செயலை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை ஒரு தளத்தில் வைத்து, 14,341 பேரைக் கேட்கவும் இறக்கிக்கொள்ளவும் விட்டார்கள். வந்தவர்களை ஒன்றோடொன்று தொடர்பில்லாத தனித்தனி உலகங்களாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மற்றவர் எத்தனை முறை இறக்கினார்கள் என்பது தெரியாது. மற்ற எட்டு உலகங்களில் அந்தந்த உலகத்தின் எண்ணிக்கை தெரியும். பாடல்கள் அதேதான், தொடக்கமும் பூஜ்யம்தான். ஆனால் எல்லா உலகங்களிலும் ஒரே பாடல்கள் உச்சிக்குப் போகவில்லை. மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவதும், மிக மோசமானது முதலிடம் பிடிப்பதும் அரிதாகவே நடந்தன. நடுவில் உள்ளவற்றுக்கோ எதுவும் நடக்கலாம். நம்முடைய பதிவுகளில் முக்கால்வாசி அந்த நடுவில்தான் இருக்கின்றன, ஒத்துக்கொள்ளத்தான் மனம் வராது.

இப்போது பழக்கடைக்காரரிடம் திரும்பலாம். பத்து ரீல் போட்டிருக்கிறார். ஒன்பது ரீலுக்குத் தலா நானூறு, ஒன்றுக்கு நாற்பதாயிரம். சராசரி போட்டால் 4,360 வரும். ‘எனக்கு நாலாயிரம் போகும், இப்போது நானூறுதான் போகிறது’ என்று அவர் சொன்னால் கணக்கில் பிழையில்லை. ஆனால் நாலாயிரம் போன ரீல் என்று ஒன்று அவரிடம் இருந்ததே இல்லை. பத்தையும் ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதைப் பார்த்தால் நானூறுதான் தெரியும். அதாவது இடைநிலை. இந்தத் தொழிலில் சராசரியைப் போலப் பொய் சொல்லும் எண் வேறில்லை. கடைசி முப்பது பதிவுகளின் இடைநிலையையும் அதற்கு முந்தைய முப்பதின் இடைநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு வேண்டுமானால் கவலைப்படலாம்.

மருந்து பலித்த ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் அளந்து பிரான்சிஸ் கால்டன் 1886-இல் காட்டியது: மிக உயரமானவர்களின் பிள்ளைகள் பெற்றோரைவிடச் சற்றுக் குட்டையாகவும், மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் சற்று உயரமாகவும் இருந்தார்கள். தற்செயல் கலந்த எந்த அளவிலும் உச்சத்துக்குப் பின் இறக்கமும், பள்ளத்துக்குப் பின் ஏற்றமும் வரும். நாம் மருந்து தேடுவது எப்போது? ஆகக் கீழே விழுந்த வாரத்தில். அதற்கடுத்த வாரம் எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் ஏறத்தான் போகிறது. அந்த இரண்டு நாள் செயலியைத் தொடாமல் இருந்தவர், தொடாததால் ஏறியது என்பார். ஹேஷ்டேக் மாற்றியவர் அதற்குப் புகழைக் கொடுப்பார். காசு வாங்கியவர் ரசீது காட்டுவார்.

பி. எஃப். ஸ்கின்னர் 1948-இல் பசித்த எட்டுப் புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி வந்து விழும்படி வைத்தார். ஆறு புறாக்கள் ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது, இன்னொன்று மூலையை நோக்கித் தலையை நீட்டியது. தீனி விழுந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததையே தீனிக்குக் காரணம் என்று அவை எடுத்துக்கொண்டதாக ஸ்கின்னர் விளக்கினார். பின்னால் வந்தவர்கள் அந்த விளக்கத்தோடு சண்டை போட்டார்கள், அது வேறு கதை. இரவு ஒன்பது மணிக்குச் சரியாக ரீல் ஏற்றுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் புறாக்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

ரீச் விழுவது எல்லாமே தற்செயல் என்று சொல்லிவிடவும் முடியாது. உண்மையான சரிவுகள் உண்டு. அவற்றில் முதலாவது, மிகச் சாதாரணமானது: பார்ப்பவர்களின் தேவை போய்விட்டது. செப்டம்பரில் துரியனைத் தேடுபவர் குறைவு. மே மாதக் கோடை விழாவில் இந்த மலைப்பாதையையே ஒருவழியாக்கிவிடுவார்கள். ஊட்டிக்கு ஏறுகிற வண்டிகள் பர்லியார், குன்னூர் வழியாகவும், இறங்குகிறவை கோத்தகிரி வழியாகவும் போகும். திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று பழக்கடையைக் கடந்து போனவர் அன்று திரும்பி வரவே மாட்டார். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. கடையில் பழம் மாறவில்லை, விலை மாறவில்லை, கடைக்காரர் மேல் யாருக்கும் பகையில்லை. சாலை மாறிவிட்டது. ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் செய்தது இதுதான். நண்பர்களும் குடும்பத்தாரும் பேசிக்கொள்ளும் பதிவுகளுக்கு முன்னுரிமை, நிறுவனங்கள், ஊடகங்களின் பக்கங்களுக்கு இடம் குறையும் என்று மார்க் சக்கர்பெர்க் அறிவித்தார். பல லட்சம் பேர் பின்தொடர்ந்த பக்கங்களுக்கும் வண்டி வராமல் போனது. யூடியூப் 2012-இல் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதை விட்டு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு மாறியபோதும், முகப்புப் படத்தில் ஒன்றும் வீடியோவில் வேறொன்றுமாக வைத்திருந்தவர்கள் இப்படித்தான் விழுந்தார்கள்.

இரண்டாவது வகைதான் கடைக்காரர் பயப்படுகிற வகை. நிறுவனமே கை வைப்பது. இது கற்பனை இல்லை. 2018-இல் ‘நாங்கள் ஷேடோபேன் செய்வதில்லை’ என்று சொன்ன ட்விட்டருக்குள் ‘விசிபிலிட்டி ஃபில்டரிங்’ என்ற பெயரில் கணக்குகளை மங்கலாக்கும் கருவிகள் இருந்ததை 2022 டிசம்பரில் வெளியான உள் ஆவணங்கள் காட்டின. அதற்கு முன்பே, எர்வான் லெ மெரெர், பெனுவா மோர்கன், ஜில் ட்ரெடான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 25 லட்சத்துக்கும் அதிகமான ட்விட்டர் கணக்குகளை வெளியிலிருந்தே சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். இந்த மங்கலாக்கல்கள் வெறும் மென்பொருள் கோளாறுகள் என்ற விளக்கம் புள்ளியியல்படி நிற்கவில்லை. கோளாறென்றால் மங்கலான கணக்குகள் எங்கும் சிதறிக் கிடக்க வேண்டும். அவையோ ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கொத்துகளாகக் கிடந்தன. நீங்கள் யாரோடு பழகுகிறீர்கள் என்பதும் கணக்கில் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை. லைக் பரிமாற்றக் குழுவில் சேரச் சொல்லும் மருந்து எவ்வளவு ஆபத்தானது என்பதும் இதிலேயே தெரியும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவில் இரண்டு சட்டப் புத்தகங்கள் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, பதிவு தளத்தில் இருக்கலாமா கூடாதா என்று சொல்லும் சமூக நெறிமுறை. மற்றொன்று, 2020 ஆகஸ்டில் பொதுவில் வெளியிடப்பட்ட பரிந்துரை நெறிமுறை. இரண்டாவது இன்னும் கெடுபிடியானது. அதன்படி, தளத்தில் தாராளமாக இருக்கலாம், ஆனால் தெரியாதவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டோம் என்று ஒதுக்கப்படும் பதிவுகள் உண்டு. அற்புத மருந்து என்பதுபோல மிகைப்படுத்திய உடல்நலக் கூற்றுகளும், உடல்நலக் காரணம் சொல்லிப் பொருள் விற்பதும் அந்தப் பட்டியலில் உள்ளன. ‘குழந்தை இல்லையா? இந்தப் பழத்தைச் சாப்பிடுங்க’ என்று கடைக்காரர் ஒரு ரீல் போட்டிருந்தால், நீக்கப்படாது, எச்சரிக்கையும் வராமல் போகலாம். பின்தொடர்பவர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்குப் போகாது. சுளையைப் பிளந்து காட்டிய ரீலுக்கு இந்தத் தொல்லை இல்லை. கடை வாசலில் காலம் காலமாக வியாபாரம் பிடித்துத் தந்த அதே வாக்கியம், போனுக்குள் வியாபாரத்தைக் கெடுக்கிறது.

அடுத்தவர் வீடியோவை எடுத்துப் போடுவதற்கும் இன்ஸ்டாகிராமில் 2024 ஏப்ரல் முதல் தெளிவான விதி இருக்கிறது. தான் எடுக்காத, பெரிதாக மாற்றாத பதிவுகளை 30 நாளுக்குள் பத்து முறையோ அதற்கு மேலோ போட்டால் அந்தக் கணக்கு முழுவதுமே பரிந்துரையிலிருந்து விலக்கப்படும். கடைசியாக அப்படிப் போட்டதிலிருந்து 30 நாள் கழித்துத் தானாகத் திரும்பும். ஊட்டி, குன்னூர் பெயரில் நடக்கும் சுற்றுலாப் பக்கங்களில் ஒரே பனிமூட்டக் காட்சி வெவ்வேறு பாட்டோடு சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்ப்பவர்களுக்கு இந்த விதி ஏன் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. ‘இரண்டு நாள் தொடாதே’ மருந்தில் ஒரு துளி உண்மை இருக்கிறதென்றால் அது இதுதான். அளவுதான் தவறு.

தமிழர்களுக்கு இந்தக் கை வைப்பு புதிதல்ல. பிரபாகரன் படமோ மாவீரர் நாள் நினைவோ உள்ள பதிவுகள் நீக்கப்படுவதாகவும், கணக்குகள் முடக்கப்படுவதாகவும் ஈழத்தமிழர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். 2021 அக்டோபரில் ‘தி இன்டர்செப்ட்’ வெளியிட்ட ஃபேஸ்புக்கின் ஆபத்தான அமைப்புகள் பட்டியலில் விடுதலைப் புலிகள் பெயர் இருந்தது. இறந்த பிள்ளைக்கு விளக்கேற்றும் தாயையும் பிரசாரத்தையும் எந்திரம் பிரித்துப் பார்ப்பது கடினம். தமிழில் அது இன்னும் கடினம். இவர்களுடைய சரிவு தற்செயலும் இல்லை, சீசனும் இல்லை. இதை முன்னால் சொன்ன நானூறு, நாற்பதாயிரம் கணக்கோடு போட்டுக் குழப்புவது இவர்களுக்கு அநியாயம்.

மூன்றாவது வகை, தளமே மறைந்துபோவது. அதைத் தமிழ்நாடு இரண்டு முறை பார்த்தது. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடுக்க உத்தரவிட்டது. சில நாளில் செயலிக் கடைகளிலிருந்து அது மறைந்தது. ஏற்கனவே போனில் வைத்திருந்தவர்களுக்கு ஓடியது. ஏப்ரல் 24-இல் தடை நீங்கியது. 2020 ஜூன் 29 அன்று வந்ததோ அப்படி இல்லை. மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தது. இந்தியாவில் டிக்டாக்கில் இருந்த சுமார் 20 கோடிப் பேரின் ரீச் ஒரே இரவில் பூஜ்யமானது. சின்ன ஊர்களிலிருந்து, சாதாரண போன் வைத்துக்கொண்டு, சினிமாக்காரர்கள் அளவுக்குப் பார்வையாளர் பெற்றிருந்தவர்கள் அவர்களில் ஏராளம். கடைசி மணி நேரங்களில் பலர் செய்தது ஒன்றுதான்: ‘இன்ஸ்டாவில் என்னை இந்தப் பெயரில் தேடுங்கள்’ என்று வீடியோ போட்டார்கள். இன்ஸ்டாகிராம் அடுத்த மாதமே ரீல்ஸை இங்கே கொண்டுவந்தது, யூடியூப் ஷார்ட்ஸ் செப்டம்பரில் வந்தது. வீடியோவைக் கொண்டுபோக முடிந்தது. எந்த வீடியோவை யாரிடம் காட்டுவது என்று டிக்டாக்கின் எந்திரம் மாதக்கணக்கில் கற்றிருந்ததைக் கொண்டுபோக முடியவில்லை. இழந்தவற்றில் விலைமதிப்பானது அதுதான் என்று நினைக்கிறேன். புது இடத்தில் எல்லோரும் முதல் சிறு கூட்டத்திலிருந்து தொடங்கினார்கள்.

ஆக, மீட்க வேண்டும் என்று கிளம்புகிறவர் முதலில் எந்தப் பார்வையை இழந்தார் என்று பார்க்க வேண்டும். இன்ஸ்டாகிராம் புள்ளிவிவரப் பக்கத்தில் பின்தொடர்பவர், பின்தொடராதவர் என்று பிரித்தே காட்டுகிறது. பின்தொடராதவர் பகுதி மட்டும், எல்லாப் பதிவிலும், ஒரே நாளிலிருந்து சுவர் இடிந்ததுபோல விழுந்திருந்தால் பரிந்துரையிலிருந்து விலக்கப்பட்டிருக்கலாம். அமைப்புகளில் ‘அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்’ என்ற இடம் இருக்கிறது. 2022 டிசம்பரிலிருந்து, தொழில்முறைக் கணக்குகளுக்கு, பரிந்துரைக்குத் தகுதி உண்டா இல்லையா, இல்லையென்றால் எந்தப் பதிவால் என்று அதுவே சொல்கிறது. அங்கேயே அந்தப் பதிவைத் திருத்தலாம், நீக்கலாம், மேல்முறையீடு செய்யலாம். காசு வாங்குகிற ரெகவரி ஆட்களில் நேர்மையானவர் இருந்தால் அவர் செய்வதும் இதைத்தான். கடவுச்சொல்லைக் கேட்பவர் நேர்மையானவர் அல்ல.

அந்தப் பக்கம் பச்சையாக இருந்து, பின்தொடர்பவர் பகுதியும் சேர்ந்து மெல்ல மெல்லத் தேய்ந்திருந்தால் கதை வேறு. மக்கள் சலித்துவிட்டார்கள், அல்லது சீசன் போய்விட்டது, அல்லது பின்தொடர்பவர்களே மனிதர்கள் இல்லை. பரிசுப் போட்டி வைத்தும் காசு கொடுத்தும் சேர்த்த கூட்டம் எதையும் பார்ப்பதில்லை, யாருக்கும் அனுப்புவதுமில்லை. அவர்களை நீக்கினால் எண்ணிக்கை குறையும், மானம் போகும். ஆனாலும் நீக்கலாம். தேய்மானத்துக்குச் சோதனைதான் வழி, அதிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. நேரத்தையும் பாட்டையும் நீளத்தையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. 2024 டிசம்பரில் வந்த ‘ட்ரையல் ரீல்ஸ்’ இதற்குத் தோதானது. பின்தொடராதவர்களுக்கு மட்டும் முதலில் காட்டும், ஓடினால் எல்லோருக்கும் விடலாம். ஹேஷ்டேக்கைப் பற்றி ஒரு வரி போதும். ரீச்சை அது குறிப்பிடத்தக்க அளவில் கூட்டாது என்று மொசேரியே பலமுறை சொல்லிவிட்டார்.

நிறுவனம் காரணமே சொல்லாவிட்டால்? 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளமும் இந்தியாவில் குறைதீர் அதிகாரி வைத்திருக்க வேண்டும். அவர் 24 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு குறித்த காலத்துக்குள் தீர்க்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையவழியே போகலாம். 2023 தொடக்கத்தில் அமைந்த குழு அது. முடக்கப்பட்ட கணக்குக்கு இது நிஜமாகவே உதவக்கூடிய வழி. ஆனால் பெரிய தளங்கள் தாமாக நடவடிக்கை எடுத்தால் பயனருக்கு முன்கூட்டிக் காரணம் சொல்ல வேண்டும் என்ற நான்காம் விதி, பதிவை நீக்குவதையும் அணுகலைத் தடுப்பதையும்தான் பேசுகிறது. மங்கலாக்குவதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஐரோப்பாவில் இருக்கிறது. அங்குள்ள எண்ணியச் சேவைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஒரு பதிவின் தரவரிசையைக் கீழிறக்கினாலும் காரணம் தர வேண்டும் என்கிறது. டேனி மெக்கிச் என்ற டச்சு ஆய்வாளர் 2023 அக்டோபரில் தன் எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்) கணக்கு தேடலில் வராமல் போனதைக் கவனித்தார். குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் படங்களைக் கண்டறிய ஐரோப்பிய ஆணையம் கொண்டுவந்த திட்டத்தை விமர்சித்த செய்தி ஒன்றை அவர் பகிர்ந்திருந்தார். எந்திரம் அந்தப் பதிவையே குற்றத்தோடு சேர்த்துவிட்டது. வழக்குப் போட்டார். 2024 ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் மாவட்ட நீதிமன்றம் எக்ஸ் நிறுவனம் அந்தச் சட்டத்தையும் தனித்தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மீறியது என்று தீர்ப்பளித்தது. இரண்டாவது சட்டம்தான் இதில் சுவாரசியமானது. என்னைப் பற்றி என்ன குறித்து வைத்திருக்கிறாய் என்று கேட்கும் உரிமையை அது அவருக்குத் தந்திருந்தது.

அந்த உரிமையின் ஒரு வடிவம் நம்மிடமும் வந்துகொண்டிருக்கிறது. 2023-இன் எண்ணியத் தனித்தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிக் கையாளப்படும் தரவுகளின் சுருக்கத்தைக் கேட்டுப் பெறலாம் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். ஒரு கணக்கின்மேல் ஒட்டப்பட்ட ‘பரிந்துரைக்க வேண்டாம்’ என்ற குறிப்பு அதன் உரிமையாளரைப் பற்றிய தனித்தரவா, இல்லை நிறுவனத்தின் சொந்த விவகாரமா என்பதை இங்கே யாராவது கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.